தூது போன வீட்டில் சாப்பிட்டேன்

எங்கள் சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டத்தை யாரும் ஆசைப்பட்டுப் படித்ததில்லை. குற்றவியல் வகுப்பென்றால் பையன்கள் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். சொத்துச் சட்டமென்றால் வேறு வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து உட்காருவார்கள். மதுரைக் கோர்ட்டில் பாகப்பிரிவினை இருக்கிறது, வெட்டுக்குத்து இருக்கிறது, ஜீவனாம்சம் இருக்கிறது. எந்த நாட்டுத் தூதர் இங்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போடப்போகிறார்? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தத் தடிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கத்தான் வாங்கினாள். நானும் பாஸ் ஆனால் போதும் என்றுதான் இருந்தேன். அது நான்காம் வருடம். அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னதும் அதே வருடம்தான்.

அந்தப் பாடத்தை எடுத்த மேடத்துக்குச் சத்தம் போடவே வராது. மின்விசிறி சுற்றினால் கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்காது. முதல் நாளே அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சட்டத்துக்குப் போலீஸ் கிடையாது, ஒரு நாடு பேச்சை மீறினால் விலங்கு மாட்டி இழுத்துப்போக ஆள் கிடையாது, அப்படியும் நாடுகள் ஏன் இதற்குக் கட்டுப்படுகின்றன என்று. ஒருத்தன் எழுந்து பயம் என்றான். கொஞ்சம் பயம், கொஞ்சம் நாளைக்கு நமக்கும் அவன் வேண்டுமே என்ற கணக்கு என்றார் மேடம். அப்புறம் வழக்காறு என்று கரும்பலகையில் எழுதினார். ஒரு காரியத்தைக் காலங்காலமாகச் செய்துவருவது மட்டும் போதாது, செய்தே தீர வேண்டும் என்று நினைத்துச் செய்ய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அது சட்டம் என்றார். நான் எழுதிக்கொண்டேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் சொன்னதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

இனி மருந்தில் பலனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அப்பா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் டிஸ்சார்ஜ் சீட்டை எந்த ஜன்னலில் வாங்க வேண்டும் என்று கேட்டேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா என் தலையைத் தடவி, அழுதுரு தாயி, உள்ள வச்சுக்கிட்டா நோவாயிரும் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே வைத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளை, கல்லு மனசு என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

விளாங்குடியில் எங்கள் வீட்டில் ஒரு ஹாலும் ஒரு அறையும்தான். அம்மாவின் கட்டிலை ஹாலில், ஜன்னல் பக்கம் போட்டோம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவர் டியூட்டிக்குப் போகும் நேரமெல்லாம் நான்தான் அம்மாவுடன். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து படிப்பேன். மனதில் நிற்பதற்காக வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு. அம்மா கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் வம்பு வளர்ப்பதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

வந்திருக்கிற தூதரைக் கைது செய்யக் கூடாது, அவர் குடியிருக்கும் வீட்டுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, அவர் பையைத் திறந்து பார்க்கக் கூடாது என்று படித்தேன். அப்ப வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைன்னு சொல்லு என்றாள் அம்மா. பிடிக்காத தூதரை வேண்டாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று படித்தேன். அதுக்கு எங்கண்ணன் தேவல, காரணத்தச் சொல்லித்தான வெலக்கி வச்சாரு என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நான் எழுந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

அவள் சொன்ன அண்ணன் என் தாய்மாமன். அலங்காநல்லூர் தாண்டி உள்ளே போகிற ஊரில் அவருக்கு வயலும் தென்னந்தோப்பும் உண்டு. அம்மாவுக்கு அவர் ஒருத்தர்தான் உடன்பிறப்பு. நான் பிறந்ததுமே அவர் மகனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். முறைப்பையன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குட்டியானை வண்டியில் தேங்காய் லோடு ஓட்டினான். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு காதுகுத்து வீட்டில் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மாமா பேச்சை எடுத்தார். அப்பாவும் அத்தனை பேர் முன்னாலும் முடியாது என்று சொன்னார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மனத்தாங்கலோடு போயிருக்கும். சபையில் சொன்னது தப்பு. இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் பெண் கேட்டதை அவர் திரும்பப் பெறவில்லை. என் மகனுக்கு அவள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கப்புறம் பொங்கப்படி வருவது நின்றது. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, சேலை எல்லாம் வரும். பெண் கிழவியானாலும் வரும். அது வராத முதல் பொங்கலன்று அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டுவிட்டு, தெரு முனையைப் பார்க்கும்படி உட்கார்ந்து மதியம்வரை பூண்டு உரித்தாள். வீட்டில் அவ்வளவு பூண்டுக்குத் தேவையே இல்லை.

உறவை முறித்துக்கொண்ட நாடுகளைப் பற்றிய பகுதியை நான் படித்த அன்றைக்குத்தான் இந்தக் கதை தொடங்கியது. முறிந்த பிறகும், சண்டையே நடந்தாலும், அந்த நாட்டுத் தூதரகக் கட்டிடத்தைப் பாதுகாக்க வேண்டும். தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி மூன்றாவது நாடு ஒன்றிடம் பொறுப்பை விடலாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அந்த மூன்றாம் ஆள் வழியாகச் சேதி சொல்லி அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்பலாம் என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"நமக்கு அப்புடி ஆரும் இல்ல. நீயே போய் எங்கண்ணனக் கூட்டிட்டு வா," என்றாள். "மொகத்தப் பாத்துட்டா போதும்."

அப்பா அப்போது டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் போலப் பணப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு அலங்காநல்லூர் பஸ்ஸில் போனேன். காலையில் அம்மாவுக்குக் கஞ்சி புகட்டி, துணி மாற்றி, மருந்து கொடுத்துக் கிளம்பியதில் நான் எதுவும் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு முடியாமல் போனதிலிருந்தே சாப்பாடு எனக்கு நினைவில் வராத விஷயமாகியிருந்தது. அவள் மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவேன்.

மாமா தோப்புக்குப் போயிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு அழுதாள். எனக்கு அழுகை வராததை அவள் கவனிக்கவில்லை. முகத்தில் எலும்புதான் இருக்கு, மொதல்ல ஒரு வாய் சாப்பிடு, மாமா வந்துருவாரு என்று உட்கார வைத்துத் தட்டு வைத்தாள். சுடுசோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, ஒரு ஆம்லெட்.

நான் சாப்பிட்டேன். அந்தக் குழம்பின் வாசத்தில்தான் எனக்குப் பசிக்கிறது என்பதே தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று அத்தை கேட்டபோது தட்டை நீட்டினேன். பாதிச் சாப்பாட்டில் வாசலில் மாமாவின் பைக் சத்தம் கேட்டது. உள்ளே காலெடுத்து வைத்தவர் என் தட்டைப் பார்த்து நின்றார். அத்தையைப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கால் கழுவுகிறேன் என்று வெகுநேரம் கழுவினார். நான் கைகழுவி முடிக்கும்வரை உள்ளே வரவில்லை.

அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். அழைப்பையும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு வாரோம் என்றார் மாமா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஒரு நிபந்தனை போடவில்லை. அப்பாவை ஒரு சொல் திட்டவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, இத்தனை வருடம் பெரியவர்கள் முறுக்கிக்கொண்டு இருந்ததை நான் ஒரே நடையில் முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. புத்தகத்தில் தூதரைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா தலைவாரிவிடச் சொன்னாள். பொட்டு வைத்துக்கொண்டாள். வேலிக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டதும் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமா உள்ளே வந்தார். கட்டிலில் அம்மாவைப் பார்த்ததும் அவருடைய முகம் கோணிக்கொண்டு போயிற்று. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். என்னத்தா இப்புடி ஆயிட்ட என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அம்மா அழவில்லை. பாலைக் கொண்டுவரச் சொல்லி, அண்ணன் முன்னாலேயே முழு டம்ளரையும் குடித்துக் காட்டினாள். பல நாளாக அவள் வயிறு பாலை ஏற்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமாவுக்குப் பின்னால் அத்தை வந்தாள். அத்தைக்குப் பின்னால் அவர்கள் ஊரில் மூத்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அத்தை கையில் பெரிய தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும்தான் கொண்டுவருவார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"நீ அங்க கை நனச்சியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பசித்தது என்றேன். அப்பா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் கேட்டிருக்கிற வீட்டில், சரி என்று சொல்கிறவரை பெண் வீட்டார் யாரும் சாப்பிடக் கூடாது. எத்தனை தடவை போனாலும், எத்தனை வற்புறுத்தினாலும், காபித்தண்ணியோடு எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை வைத்தால் சம்மதம். வாயைத் திறந்து சொல்லவே வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆனால் அது அப்பாவும் சித்தப்பாக்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கப்பட்ட பெண்ணே தனியாக வீடேறி வந்து, உட்கார்ந்து, இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? தாம்பாளத்தோடு வந்ததில் மாமா மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஒப்பந்தங்களைப் பற்றிய பாடத்தில் பிழை என்று ஒரு பகுதி உண்டு. விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சம்மதித்துவிட்டோம் என்று காட்டினால் ஒரு நாடு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் அந்தப் பிழைக்குத் தன் நடத்தையாலேயே இடம் கொடுத்திருந்தால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஹாலுக்குத் திரும்பி வந்து சுவரோரம் நின்றபோது அந்த வரிகள் பக்க எண் முதற்கொண்டு எனக்கு நினைவுக்கு வந்தன. படிப்பு நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூத்தவர்களில் ஒருவர் பேச்சைத் தொடங்கினார். பெண்ணே மனமுவந்து வந்து போயாச்சு, தாய் கண்ணு முன்னாடியே பூ வச்சுட்டா அந்த மகராசிக்கும் நிம்மதி என்றார். அப்பா தலை குனிந்திருந்தார். அவர் மறுபடியும் முடியாது என்று சொன்னால் மாமா எழுந்துவிடுவார், அம்மாவின் பாதத்தை விட்டுவிடுவார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. படிப்பு போய்விடுமே என்ற வருத்தம்கூட வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் நடுவில் உட்காருவோமே, அந்த மாதிரிதான் இருந்தது. நான் தலையை ஆட்டப்போனேன். ஆட்டியிருப்பேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காலைப் பிடித்திருந்த மாமாவின் கைமேல் கையை வைத்தாள்.

"அண்ணே, புள்ள பசியில தின்னுட்டு வந்துருக்கு. சம்மதம்னு தின்னல."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றார் மாமா.

"என்னையப் பாக்க வந்ததா இருக்கட்டும்ணே."

மாமா அம்மாவின் பாதத்தை விடவில்லை. அவருக்கு அது போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஊர் மூத்தவர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் செருமினார்கள். இரண்டாம் முறையும் சபையில் இல்லை என்றாகிவிட்டது. மாமா அம்மாவின் கால்களைத் தலையணைமேல் எடுத்து வைத்தார். எழுந்தார். தாம்பாளத்தை எடுத்துக்கொள்ளும்படி அத்தைக்குச் சைகை காட்டிவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். அவர்கள் ஏறிப் போன வேன் சத்தம் திண்டுக்கல் ரோட்டில் கலந்து தேயும்வரை அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அன்று மாலையே குடித்த பாலை வாந்தியெடுத்தாள்.

இரண்டொரு நாள் கழித்து அவளாகவே பேச்செடுத்தாள். தனக்கு ஒன்றென்றால் அண்ணனுக்குக் கேதம் சொல்லிவிட வேண்டாம் என்றாள். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் பிணத்தைத் தூக்க முடியாது. அந்த நேரத்தில் பிறந்த வீட்டார் வைத்ததுதான் சட்டம். பழைய கணக்கு வழக்கையெல்லாம் அப்போது எடுப்பார்கள். தீர்ந்தால்தான் தூக்க விடுவார்கள்.

"என்னைய நடுவீட்ல போட்டுக்கிட்டு உன்னையக் கேப்பாங்க. அப்ப உங்கப்பாவால மாட்டேன்னு சொல்ல முடியாது," என்றாள் அம்மா. "கோடிய நீயே எடுத்துப் போட்ரு."

மகள் எப்படிப் பிறந்த வீட்டுக் கோடி போட முடியும் என்று நான் கேட்கவில்லை. என்ன நிறம் என்றுதான் கேட்டேன். பச்சை என்றாள். ஜரிகை சின்னதாக இருக்கட்டும், அகலக் கரை எனக்கு எடுப்பாக இருக்காது என்றாள். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் போய் வாங்கினேன். விசேஷமா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையைப் பிரித்துக் காட்டி, அம்மாவுக்கா, கட்டினா ஜம்முனு இருக்கும் என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

அந்தப் பருவத் தேர்வில் பிழையைப் பற்றிக் கேள்வி வந்தது. நன்றாக எழுதினேன். எழுதிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, அவள் மூச்சு நின்றது. நான் மணியைப் பார்த்துக்கொண்டேன். போன் செய்ய வேண்டியவர்களுக்குச் செய்தேன். ஷாமியானாவுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் சொன்னேன். ஐஸ்பெட்டி வைக்க பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று வந்தவருக்குக் காட்டினேன். மாமாவின் எண்ணைத் தாண்டி அடுத்த எண்ணுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கோடி போடும் நேரம் வந்தது. பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். நான் பீரோவைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்துவந்து அம்மாவின்மேல் போர்த்தினேன். இது யார் வீட்டுக் கோடி, இதென்ன முறை என்று சலசலப்பு எழுந்தது. அப்பா கண்டக்டர் குரலில், போட்டாச்சு, நேரமாகுது, தூக்குங்க என்றார். தூக்கினார்கள். வண்டி தத்தனேரி மின்மயானத்துக்குப் போயிற்று. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்க வேண்டும். நான் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி ஹாலைக் கழுவத் தொடங்கினேன்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது மாமா நின்றிருந்தார். தனியாக பைக்கில் வந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அலங்காநல்லூர் பஸ் கண்டக்டர் அப்பாவின் சிநேகிதர். அவர்தான் போகிற வழியில் சொல்லியிருக்கிறார். கேட்டதும் கேட்டபடி மாமா கடைத்தெருவில் ஜவுளிக்கடையைத் திறக்க வைத்து வாங்கி வந்திருக்கிறார். அவர் கையில் மஞ்சள் துணிப்பையும் அதற்குள் ஒரு சேலையும் இருந்தன.

"தூக்கியாச்சாத்தா?" என்றார்.

ஆச்சு மாமா என்றேன். உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் நிறுத்துங்கள், மாமா வந்திருக்கிறார் என்றேன். உள்ளே விட்டாச்சும்மா, இப்பத்தான் என்றார் அப்பா. மாமாவுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"கோடி ஆரு போட்டா?"

"நான்தான் மாமா."

"நீயா?" என்றார். என் ஈரக் கைகளைப் பார்த்தார். "சின்னப்புள்ள இதெல்லாம் தொடக் கூடாதேத்தா."

கேதம் சொல்லாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையிலிருந்து சேலையை எடுத்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். தெருப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இத நான் என்ன செய்ய?" என்றார்.

பிணத்துக்கு என்று வாங்கிய துணியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. யாருக்கும் கொடுக்கவும் முடியாது. டியூபைக் கீழே போட்டுவிட்டு, கொடுங்க மாமா என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்து சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேணாத்தா. உன் கையில குடுக்க மாட்டேன். நீ வாழப்போற புள்ள."

திரும்பி நடந்தார். பைக்கை எடுக்கக்கூட மறந்து, சேலையை அணைத்தபடியே தத்தனேரி இருக்கிற பக்கமாக நடந்து போனார். திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் தெருவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அம்மா செத்துப்போனது அப்போதுதான் தெரிந்தது.